முனியப்பனுக்கு அடியில் ஒரு ஸ்க்ரூ

பென்னாகரத்தில் உரக்கடை வைத்திருக்கும் மாதவராஜ் தன் மனைவி பானுமதிக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். காரில் மீட்டர் லைட் எரிய ஆரம்பிக்கும் அன்றிலிருந்து காரை அவளே ஓட்டிக்கொள்ளலாம் என்பதுதான் அந்த வாக்கு. கொடுத்தது சித்திரையில். ஆடி பிறந்துவிட்டது. லைட் எரிந்தபாடில்லை.

பானுமதி ஏரியூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். மதியம் போனால் டூட்டி முடிய இரவு ஏழரை ஆகும். போவதற்கு பஸ் உண்டு. திரும்புவதற்கு உள்ள பஸ் வந்தாலும் வரும், வராவிட்டால் கேட்பதற்கு ஆளில்லை. அதனால் மாதவராஜ் கடையைச் சாத்திவிட்டுக் காரில் வந்து கூட்டிப்போவார். வருவார் என்பதுதான் பேச்சு. கடையைச் சாத்தும் நேரம் பார்த்து ஒரு விவசாயி யூரியாவுக்கு வந்து நின்றுவிட்டால் கதை வேறு. மானிய உரம் வாங்க அந்த விவசாயி கட்டைவிரலை ஆதார் மெஷினில் வைக்க வேண்டும். ராகி வயலிலும் கல்லுக்காட்டிலும் தேய்ந்த விரலில் மெஷினுக்கு ரேகை கிடைக்காது. கையைக் கழுவிவிட்டு வரச் சொல்லி, துண்டில் துடைக்கச் சொல்லி, அடுத்த விரலை வைக்கச் சொல்லி, எல்லாம் முடிவதற்குள் பானுமதி ஏரியூரில் ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் கொசுக்களுக்கு இரவுச் சாப்பாடு போட்டுக்கொண்டிருப்பாள்.

அந்தக் காத்திருப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. கொஞ்சங்கூடப் பிடிக்கவில்லை. நாள் முழுக்க அவள் சொல்லுக்கு ஊரே கையை நீட்டுகிறது, சட்டையைத் தூக்குகிறது, மூச்சை இழுத்து விடுகிறது. பொழுது சாய்ந்ததும் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி ரோட்டைப் பார்த்து உட்கார வேண்டியிருக்கிறது. ஊசி போட்டுக்கொண்டு போகிறவர்கள் வேறு, "சிஸ்டர், இன்னும் போகலீங்களா?" என்று விசாரித்துவிட்டுத் தங்கள் தங்கள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போவார்கள்.

அதற்காகத்தான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸும் வாங்கினாள். மாதவராஜ் லைசென்ஸை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். போட்டோ நன்றாக வந்திருப்பதாகச் சொன்னார். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார்.

"மீட்டர் லைட் எரியறதில்ல பானு. இருட்டுல எவ்ளோ வேகத்துல போறோம்னே தெரியாது. எனக்குன்னா பழக்கம். நீ புதுசு. லைட்டு வரட்டும், அப்புறம் நீயே ஓட்டு. நான் வேணாங்கலையே."

அவருடைய பழக்கம் என்னவென்றால், பக்கத்து சீட்டில் பானுமதி உட்கார்ந்து செல்போன் டார்ச்சை மீட்டரில் அடித்து வேகத்தைப் படித்துச் சொல்ல வேண்டும். பெட்ரோல் முள் எங்கே நிற்கிறது என்பதையும் அவளே சொல்ல வேண்டும். இப்படித்தான் அவருக்குப் பழகியிருந்தது.

ஆடி முதல் வாரத்தில் பானுமதி பொறுமை இழந்து, புருஷனையும் காரையும் சேர்த்து இன்னாசியின் ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துக்கொண்டு போனாள். இன்னாசி தடித்த கைகளும் நிதானமான பேச்சும் உள்ளவர். தலையை ஸ்டீயரிங்குக்கு அடியில் விட்டு, காலை வெளியே நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் மல்லாந்து கிடந்தார். பிறகு எழுந்து கையைத் துடைத்தார்.

"பல்பு என்னமோ சுண்டுவெரல் நகம் அளவுதாங்க. அது இருக்கற எடந்தான் தொந்தரவு. மீட்டர் பொட்டிய முன்னால இழுத்தாத்தான் பின்னால கை போகும். பொட்டிக்கு நாலு ஸ்க்ரூ. மூணக் கழட்டிடலாம். நாலாவது இவருக்கு அடியில இருக்குது."

இவர் என்று அவர் காட்டியது முனியப்பனை. மீட்டருக்கு நேர் மேலே, டேஷ்போர்டில், நாலு விரல் உயரத்தில் மீசையும் அரிவாளுமாகக் காருக்குள் இருப்பவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கார் வாங்கிய அன்று கோயிலில் வைத்துப் பூஜை போட்டு, இரண்டு பசையைச் சேர்த்துப் பிசைந்து மாதவராஜ் தன் கையாலேயே ஒட்டியது. மற்ற விஷயங்களில் சிக்கனமான மனிதர், பசையில் மட்டும் தாராளமாக இருந்துவிட்டார்.

"எடுத்து வச்சிட்டுக் கழட்டுங்க" என்றாள் பானுமதி.

"நானுங்களா?" இன்னாசி ஓரடி பின்னால் நகர்ந்தார். "நான் வேதக்காரன் சிஸ்டர், சர்ச்சுக்குப் போறவன். நான் கை வச்சு எடுத்தேன்னா, நாளைக்கு உங்க வூட்டு மாடு சினை நிக்கலன்னாலும் எங்கிட்டதான் வருவாங்க."

"எங்க வூட்ல மாடே இல்லீங்க."

"வர்றவங்க அதையெல்லாம் பாக்க மாட்டாங்க. நான் மட்டும் இல்ல, இந்த ஊர்ல எந்த மெக்கானிக்கும் ஒட்டுன சாமிய எடுக்க மாட்டான். அது எங்க தொழில்ல ஒரு கட்டுப்பாடு. வச்சவங்களேதான் எடுக்கணும். எடுத்துக் குடுங்க, டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள மாத்தித் தரேன்."

இரண்டு பேரும் மாதவராஜைப் பார்த்தார்கள். மாதவராஜ் முனியப்பனைப் பார்த்தார்.

"கேக்காம எப்படி எடுக்கறது?" என்றார்.

முனியப்பன் மாதவராஜ் வீட்டுக் குலதெய்வம். அந்தக் குடும்பத்தில் போர்வெல் போடுவதானாலும் பெண் எடுப்பதானாலும் பூக் கேட்காமல் நடக்காது. நனைத்த பூ ஒன்றைச் சாமியின் தலையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். சாமிக்கு வலது பக்கம் விழுந்தால் உத்தரவு. இடது பக்கம் விழுந்தால் வேண்டாம். விழாமல் அப்படியே இருந்தால் சாமி யோசிக்கிறது என்று அர்த்தம். பானுமதியைப் பெண் எடுக்கும்போதும் கேட்டார்கள். வைத்த கையோடு பூ வலது பக்கம் விழுந்ததாம். யோசிக்கக்கூட இல்லையாம். அதில் அவளுக்கு இன்றுவரை உள்ளூர ஒரு பெருமை உண்டு. கஷ்டமான கேஸ் வந்தால் ஊசியைக் கையில் எடுக்கும்போது அவள் வாயில் வருவதும் முனியப்பன் பேர்தான். அதனால் பூக் கேட்கலாம் என்றதும் அவளும் மனசார ஒத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் வீட்டு போர்ட்டிகோவில் நின்ற காரிலேயே கேட்டார்கள். கற்பூரத்தட்டை பானட்டின் மேல் வைத்தார்கள். மாதவராஜ் குளித்து, திருநீறு பூசி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். பானுமதி பக்கத்தில். நனைத்த அரளிப்பூவை அவர் முனியப்பன் தலையில் வைத்தார். பூ ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு மெல்லச் சரிந்து விழுந்தது.

"எடது" என்றார் மாதவராஜ். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் கேட்டார்கள். இடது. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை பானுமதி தலைக்குக் குளித்து ஈரப் புடவையோடு உட்கார்ந்தாள். அன்றும் இடதுதான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமியே கொடுக்கவில்லை. பூசாரி நிம்மதியாக இட்லி சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போனார்.

பானுமதிக்கு அழுகை வந்தது. கார் ஓட்ட முடியவில்லையே என்று மட்டும் இல்லை. இந்த வீட்டுக்கு நீ வேண்டும் என்று ஒரு காலத்தில் சொன்ன சாமி இப்போது எதற்காக இப்படி முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, நான் என்ன தப்புச் செய்தேன் என்றுதான் அழுதாள். ஏரியூரில் ஒரு கிழவருக்கு டிரிப்ஸ் போட நரம்பு தேடும்போதும் அதே நினைப்பு. இரண்டு தடவை தப்பாகக் குத்திவிட்டாள். அவள் கைக்கு அது வழக்கமே இல்லை.

மறுநாள் காலை மாதவராஜ் ஸ்கூட்டரில் கடைக்குப் போன பிறகு போர்ட்டிகோவைக் கழுவினாள். பக்கெட் தண்ணீரைக் கவிழ்த்ததும் அது காருக்கு அடியில் புகுந்து, நேராக, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் சாக்கடைப் பக்கம் ஓடியது. அந்தத் தளம் போட்டபோது கொத்தனாரை நிற்கவிடாமல் உட்காரவிடாமல் பக்கத்திலேயே இருந்து வாட்டம் பார்த்துச் சாக்கடைப் பக்கம் சரிவாகப் போட வைத்தவர் மாதவராஜ். புதிதாக யார் வீட்டுக்கு வந்தாலும் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி ஓடவிட்டுக் காட்டுவார். அவருக்குக் கோயமுத்தூரில் இருக்கும் மகளுக்கு அடுத்தபடி பெருமை அந்த வாட்டத்தில்தான்.

பானுமதி தண்ணீரைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். கண்ணாடி வழியே முனியப்பனைப் பார்த்தாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஊரில் கேலி பேசுவார்கள். இங்கே கூடம் நிஜமாகவே கோணல்.

கார் மூக்கைச் சுவரைப் பார்த்து நிறுத்தினால் சாக்கடை சாமிக்கு இடது பக்கம் வருகிறது. மூக்கைத் தெருவைப் பார்த்து நிறுத்தினால் அதே சாக்கடை சாமிக்கு வலது பக்கம் வந்துவிடும். சாமி மனசு மாற வேண்டியதில்லை, கார் திரும்பினால் போதும். சாமியையே ஏமாற்றுவதா என்று ஒரு பயம் வந்தது. இத்தனை நாளாக ஏமாற்றியது கொத்தனார், நான் இல்லை என்று சொல்லிக்கொண்டதும் பயம் போய்விட்டது.

ஆனால் காரைத் திருப்பி நிறுத்த வேண்டுமானால் ரிவர்ஸில் உள்ளே விட வேண்டும். டிரைவிங் ஸ்கூலில் ரிவர்ஸ் கியர் எங்கே இருக்கிறது என்று கையைக் காட்டினார்கள், அவ்வளவுதான். அதெல்லாம் உங்க வூட்டுக்காரர் சொல்லித் தருவாருங்க என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கேட்டின் இரண்டு தூணுக்கும் நடுவில் கார் போனால் பக்கத்துக்கு ஒரு கை அகலம்தான் மிஞ்சும். முன்னால் விடுவதற்கே மாதவராஜ் மூச்சைப் பிடித்துக்கொள்வார்.

அன்றிலிருந்து தினமும் காலையில், அவர் கடைக்குப் போனதும் பானுமதி காரை வெளியே எடுத்துப் பின்பக்கமாக உள்ளே விட்டுப் பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி, இரண்டு கறவை மாடு வைத்திருப்பவள், பின்னால் நின்று வழி சொன்னாள்.

"வா நர்ஸம்மா, வா, வா, வா, இன்னும் வா..."

தொம் என்று ஒரு சத்தம்.

"நின்னுக்கோ" என்றாள் பாஞ்சாலி.

மாடு ஓட்டிப் பழகியவள். முட்டிய பிறகுதான் நிறுத்தச் சொல்லத் தெரியும். தண்ணீர் டிரம் நசுங்கியது. பம்பர் ஒரு பக்கம் உள்வாங்கியது. சாயங்காலம் மாதவராஜ் பம்பரைத் தடவி என்னவென்று கேட்டபோது, பாஞ்சாலியின் மாடு முட்டிவிட்டதாகப் பானுமதி சொன்னாள். பாஞ்சாலியும் மாட்டின் சார்பில் ஒத்துக்கொண்டாள்.

அதன் பிறகு பாஞ்சாலியைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டு, கண்ணாடியை மட்டும் நம்பினாள். தூணில் கதவு உரசுகிற மாதிரி வந்தால் நிறுத்துவாள், முன்னால் போவாள், மறுபடி வருவாள். தோள்பட்டை வலித்தது. ஒரு நாள் கார் எங்கும் தொடாமல் உள்ளே வந்து நேராக நின்றது. அது தற்செயலாக இருக்கலாம் என்று வெளியே எடுத்து மறுபடி விட்டாள். மறுபடியும் நின்றது. ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் தனியாகச் சிரித்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாதவராஜ் குளித்துவிட்டுத் துண்டோடு வெளியே வந்தபோது கார் தெருவைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது.

"யாரு திருப்புனது?"

"நான்தாங்க."

அவர் காரைச் சுற்றி வந்தார். இரண்டு பக்கத் தூணையும் கையால் தடவிப் பார்த்தார். கதவைக் குனிந்து பார்த்தார். எங்கேயும் கீறல் இல்லை. தன்னால் இதுவரை செய்ய முடியாத ஒரு காரியம் தன் வீட்டு வாசலில் முடிந்து நிற்பதை அவர் நம்ப முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூக் கேளுங்க" என்றாள் பானுமதி. கற்பூரத்தட்டு தயாராக பானட்டின் மேல் இருந்தது.

மாதவராஜ் உட்கார்ந்தார். பூவை நனைத்து வைத்தார். பூ சற்று நேரம் இருந்தது. பிறகு சரிந்து, சாக்கடைப் பக்கமாக விழுந்தது.

"வலது" என்றாள் பானுமதி.

"அது வாட்டம் பானு. வாட்டத்துல விழுந்தது."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. வாயை மூடினார். வார்த்தை வெளியே வந்துவிட்டது.

"அப்ப மொதல்ல மூணு வெள்ளிக்கிழமை விழுந்துச்சே, அது என்னங்க?"

அவர் பூவை எடுத்து விரலில் உருட்டினார்.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

"மொத வாரம் தெரியாது. நெசமாவே சாமிதான்னு நெனச்சேன். ரெண்டாவது வாரம் தெரியும்."

பானுமதிக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "சாமிக்கு என்னைப் புடிக்காமப் போச்சுன்னு நான் சோறு எறங்காமக் கெடந்தேன். ஒரு பெரியவருக்கு ரெண்டு எடத்துல தப்பாக் குத்துனேன். நீங்க தெரிஞ்சுக்கிட்டே கன்னத்துல போட்டுக்கிட்டீங்க. நான் ஓட்டுனா உங்களுக்கு என்னங்க கொறஞ்சு போவுது? சொல்லுங்க. ஊரு சிரிக்குமா?"

"ஊருக்கு என்ன. நீ ஓட்ட ஆரம்பிச்சுட்டீன்னா நான் ஏரியூருக்கு வர வேண்டியதில்லையே."

"அதுக்குத்தானே இவ்வளவும்!"

"வரலன்னா உங்கூட எப்பப் பேசறது?" அவர் முனியப்பனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "புள்ள கோயமுத்தூர்ல இருக்குது. காலைல நீ எந்திரிச்சு வேலைய முடிக்கறதுக்குள்ள நான் கடைக்குப் போயிடறேன். ராத்திரி தலகாணியில தலை வச்சதும் நீ தூங்கிடற. நீயும் நானும் உக்காந்து பேசறது அந்த ரோட்லதான்."

"பேசறதுன்னு என்ன பேசுனீங்க? தெனமும் அந்தக் கட்டைவெரல் மெஷின் கதைதானே?"

"அதை வேற யாருகிட்டப் போய்ச் சொல்றது?"

பானுமதிக்குக் கோபம் அப்படியேதான் இருந்தது, ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒவ்வொரு ராத்திரியும் காதில் வாங்காமல் வாங்கிக்கொண்டிருந்த அந்த யூரியாப் பேச்செல்லாம் தன்னிடம் பேச வேண்டும் என்பதற்காகவே பேசப்பட்டது என்பது அவளுக்குத் தோன்றியதே இல்லை. அவர் விரலில் இருந்த பூவை வாங்கிக்கொண்டாள்.

"சாமிய எடுங்க. பல்ப இன்னைக்கே மாத்தறோம். வண்டிய நான்தான் ஓட்டுவேன், அதுல பேச்சு இல்ல. திங்கக்கெழமையும் வியாழக்கெழமையும் நீங்க சாயங்காலமா பஸ் ஏறி ஏரியூருக்கு வந்துடுங்க. திரும்பி வர்றப்ப நான் ஓட்டறேன், நீங்க பேசுங்க. மத்த நாள்ல நான் தனியா வந்துக்கறேன்."

"பஸ்லயா?"

"நான் பஸ்லதான போறேன்?"

மாதவராஜ் முனியப்பனிடம் மன்னிப்புக் கேட்டார். இந்தத் தடவை கன்னத்தில் விழுந்த அடி தெருவுக்கே கேட்டது. ஹாக்ஸா பிளேடை உள்ளே கொடுத்து அறுத்து, வேர்த்து, கடைசியில் முனியப்பன் டேஷ்போர்டில் ஒரு துண்டையும் தன்னோடு எடுத்துக்கொண்டு வந்தார். அவரை மடித்த டவலில் சுற்றிப் பின் சீட்டில் வைத்து பெல்ட் போட்டார்கள். நாலாவது ஸ்க்ரூ இன்னாசி சொன்னபடியே அங்கே இருந்தது.

ஒர்க்‌ஷாப்பில் இன்னாசி நாலு ஸ்க்ரூவையும் கழற்றி மீட்டர் பெட்டியை இழுத்தார். இரண்டு விரல்கடை வந்தது, அதற்கு மேல் வரவில்லை. பின்னால் கேபிள் பிடித்துக்கொண்டிருந்தது. இடுக்கில் கையை நுழைத்துப் பார்த்தார். மணிக்கட்டோடு நின்றுவிட்டது.

"இதுக்கு மேல டேஷ்போர்ட் பூராவும்தான் எறக்கணுங்க. நாலு நாளு ஆகும்."

"எனக்கு எட்டுதான்னு பாக்கறேன், நகருங்க" என்றாள் பானுமதி.

வளையலைக் கழற்றி மாதவராஜ் கையில் கொடுத்தாள். இடுக்கில் கையை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. வயர், விளிம்பு, தூசி. கண்ணுக்குத் தெரியாத நரம்பைத் தேடுவது போல விரல் நுனியால் மெதுவாகத் தடவிக்கொண்டே போனாள். சின்னதாக ஒரு குமிழ் அகப்பட்டது. இன்னாசி சொன்னபடி கால் சுற்றுத் திருப்பினாள். அது கழன்று வந்தது. வரும்போது எரிந்துபோன பல்பு நழுவி உள்ளே எங்கேயோ 'டிக்' என்று விழுந்தது. மூன்று பேரும் காதைக் கொடுத்துக் கேட்டார்கள்.

"அது உள்ளயே கெடக்கட்டும் சிஸ்டர். எங்கயும் போயிடாது" என்றார் இன்னாசி.

புதுப் பல்பைப் பொருத்தி, தடவித் தடவி அதே இடத்தில் வைத்துத் திருப்பினாள். வெயில் நேரம். எரிகிறதா இல்லையா என்று தெரியவில்லை. இன்னாசி ஒரு சாக்கைப் போட்டு மறைத்தார். சாக்குக்குள் தலையை விட்டுப் பானுமதி பார்த்தாள். பச்சையாக வெளிச்சம் வந்திருந்தது. முள் பூஜ்யத்தில் நின்றது. இத்தனை மாதமாக இதற்காகத்தான் காத்திருந்தோம் என்று அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வெளியே வர மனமில்லாமல் கொஞ்ச நேரம் சாக்குக்குள்ளேயே இருந்தாள்.

முனியப்பனை மாதவராஜ் இடது ஓரமாக, அடியில் ஸ்க்ரூ எதுவும் இல்லை என்று இன்னாசியிடம் கேட்டுவிட்டு ஒட்டினார்.

திங்கட்கிழமை இரவு ஏழே முக்காலுக்கு மாதவராஜ் ஏரியூர் ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் கசங்கிய சட்டை, கையில் பொரி பொட்டலம். பிரசவ கேஸ் ஒன்று வந்துவிட்டதால் பானுமதி வெளியே வர எட்டரை ஆனது.

"பஸ்ல நிக்கறதுக்குக்கூட எடமில்ல" என்றார்.

"இருக்காதுங்க."

கார் ஊரைத் தாண்டி இருட்டுக்குள் போனது. மீட்டரின் பச்சை வெளிச்சம் பானுமதியின் கையில் விழுந்தது. மாதவராஜ் முதலில் காலை அழுத்தி அழுத்தி, இல்லாத பிரேக்கைத் தேடினார். பிறகு விட்டுவிட்டார். அன்றைக்கு ஒரு விவசாயி பத்து விரலையும் வைத்தும் மெஷின் ஏற்கவில்லை என்று ஆரம்பித்தார். பானுமதி கேட்டாள். அப்புறம் என்ன செஞ்சீங்க என்றும் கேட்டாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து விவரமாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே இருந்தவர், தூரத்தில் பென்னாகரத்து விளக்குகள் தெரிந்ததும் நிறுத்தினார்.

"மெதுவாப் போ பானு."

அவள் மீட்டரைப் பார்த்தாள். "நாப்பதுலதாங்க போறோம்."

"இன்னும் மெதுவாப் போ."

"ஏன், பயமா இருக்குதா?"

"பயமெல்லாம் இல்ல" என்றார் மாதவராஜ். "வூடு வந்துரும்."

பானுமதி முள்ளை முப்பதுக்குக் கொண்டுவந்தாள்.